தோட்டத்து அன்றாடக் காட்சிகளும் ஒளிப்படச் சான்றும்: நியாலாஸ் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலாக்கா நகருக்கு வரும் பயணியர் ஆற்றங்கரைச் சுவரோவியங்களைப் படமெடுக்காமல் ஊர் திரும்புவது அரிது. 2008 ஆம் ஆண்டு ஜோர்ஜ்டவுனோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்ற பின்னர், அந்நகரின் ஒவ்வொரு சந்தும் பல்லாயிரம் முறை படமாக்கப்பட்டுள்ளது. அதே மாநிலத்தின் வடகிழக்கு எல்லையை ஒட்டிய நியாலாஸ் வட்டாரத்தின் நிலை வேறு. அங்குள்ள தோட்டங்களின் லயன் வீடுகள், பெரட்டுக் களங்கள், கள்ளுக்கடைக் கட்டடங்கள், சிறு கோயில்களின் சுவரோவியங்கள், கடைவீடுகளின் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் ஆகியவற்றைப் படமெடுத்தோர் மிகச் சிலரே. எடுத்த படங்களிலும் பெரும்பாலானவற்றிற்கு இடம், நாள், விளக்கம் ஆகிய எவையும் இல்லை.

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசாங்க அறிக்கைகளையும் செய்தித்தாள்களையும் வாய்மொழிச் சான்றுகளையும் நம்பியே எழுதுகின்றனர். அன்றாட வாழ்வின் புறத்தோற்றத்திற்கு ஒளிப்படத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. எனினும் ஒளிப்படம் தானாகவே சான்றாகிவிடுவதில்லை. அது எவ்வாறு சான்றாகின்றது, தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை அவ்வாறு ஆகாமல் போனமைக்குக் காரணங்கள் யாவை, தமிழாசிரியர்கள் இதில் என்ன செய்ய இயலும் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியாலாஸ் வட்டாரம்

மலாக்கா மாநிலம் மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் என மூன்று மாவட்டங்களைக் கொண்டது. நியாலாஸ் ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்தது. அசகான், செலண்டார் ஆகியவை இதன் அண்டையூர்கள். நெகிரி செம்பிலான், ஜொகூர் எல்லைகள் தொலைவில் இல்லை. 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் மலை இப்பகுதியின் பல இடங்களிலிருந்தும் கண்ணுக்குத் தெரியும்.

இவ்வட்டாரத்திற்கு மலேசியப் பொருளியல் வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லியின் ஊக்கத்தால், மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் 1896 ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாக இதனைக் குறிப்பிடுவர். அதனைத் தொடர்ந்து அவர் புக்கிட் அசகானில் அதைவிடப் பன்மடங்கு பெரிய தோட்டத்தை உருவாக்கினார். தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டு, கங்காணி, தண்டல், கிராணி, துரை என்னும் படிநிலைக்குள் நிறுத்தப்பட்ட தோட்ட வாழ்க்கை இப்பகுதியில் வேரூன்றியது இவ்வாறே.

அவ்வாழ்க்கையின் புறச்சூழல் ஏறக்குறைய இரண்டு தலைமுறைக் காலத்திற்குள் மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பால் சேகரித்த மங்கும் வாளியும் பயன்பாட்டிலிருந்து நீங்கின. பால் கொட்டகைகள் இடிந்தன. ஆயாக்கொட்டகைகள் மூடப்பட்டன. இளைஞர்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர, அவர்கள் செய்த வேலைகளுக்கு இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்தனர். பல தோட்டங்களில் கோயிலும் ஒரு சில வீடுகளுமே தமிழர் வாழ்ந்தமைக்கு அடையாளமாக எஞ்சியுள்ளன. மாற்றம் இவ்வளவு விரைவாக நிகழும் இடத்தில், இன்று எளிமையாகத் தோன்றும் காட்சி சில ஆண்டுகளில் மீண்டும் காண இயலாததாகிவிடுகின்றது.

யார் எடுத்த படங்கள்?

மலாயாத் தோட்டங்கள் படமாக்கப்படவே இல்லை எனக் கூறுதல் தவறாகும். 1867 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட லாம்பர்ட் நிறுவனம் மலாயாவின் ஊர்களையும் மக்களையும் படமெடுத்து விற்றது. சுமத்திராவின் மேடான் நகரில் படநிலையம் நடத்திய கிளைன்குரோத்த, 1907 ஆம் ஆண்டளவில் மலாயாத் தீபகற்பம் பற்றிய பெரிய படத்தொகுப்பொன்றை வெளியிட்டார். ஆர்னோல்ட் ரைட், கார்ட்ரைட் ஆகிய இருவர் பதிப்பித்து 1908 இல் வெளிவந்த பிரித்தானிய மலாயா பற்றிய பெருநூல் தோட்டப் படங்கள் பலவற்றைக் கொண்டுள்ளது. அரச பொதுநலவாயச் சங்கத்தின் நூலகத் தொகுப்போடு 1993 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்த மலாயாப் படங்களிலும் தோட்டக் காட்சிகள் உள்ளன. 1957 இல் நிறுவப்பட்ட நம் நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகமும் படங்களைப் பேணி வருகின்றது.

இப்படங்களை உற்று நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். இவற்றை எடுத்தோரும் எடுப்பித்தோரும் காட்ட விரும்பியவை மரம், இயந்திரம், துரையின் வீடு, ஒழுங்காக நிறுத்தப்பட்ட உழைப்பாளர் கூட்டம் ஆகியவையே. படக்குறிப்பில் தோட்டத்தின் பெயரும் உரிமையாளரின் பெயரும் இருக்கும். மரத்தின் அருகே கத்தியுடன் நிற்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் பெயர் இராது. முதலீட்டாளர்க்குத் தோட்டத்தின் செழிப்பைக் காட்டுவதே அப்படங்களின் பயன். தொழிலாளி மாலையில் எங்கே அமர்ந்தான், எதனைக் குடித்தான், எந்தச் சுவரில் எந்தச் சாமியை வரைந்தான் என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை தேடுதல் வீண்.

தோட்ட மக்களில் பலர் தம் முகத்தை முதன்முதலாகப் படத்தில் கண்டது அரசாங்கத்தின் கட்டாயத்தினால்தான் எனலாம். 1948 இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 12 வயதும் அதற்கு மேலும் ஆனோர் அனைவரும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை பெறவேண்டியிருந்தது. கண்காணிப்பதற்காக எடுக்கப்பட்ட அப்படமே பல குடும்பங்களில் பாட்டனாரின் ஒரே படமாக இருந்து, பிற்காலத்தில் பெரிதாக்கப்பட்டுச் சந்தனம் குங்குமம் இட்டுச் சுவரில் மாட்டப்பட்டது. படத்தின் பொருளை எடுத்தவரின் நோக்கம் மட்டும் முடிவு செய்வதில்லை, வைத்திருப்பவரும் முடிவு செய்கின்றார் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அடுத்த நிலையில் குடும்பப் படங்கள் வருகின்றன. திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா, இறந்தவரைச் சூழ்ந்து நின்று எடுத்துக்கொண்ட படம் ஆகியவை தோட்ட வீடுகளின் தகரப் பெட்டிகளில் இன்றும் உள்ளன. இவை மதிப்புமிக்கவை. ஆயினும் இவற்றில் இடம்பெறுவன சிறப்பு நாட்களே. அன்றாட நாளைப் படமெடுக்கச் செலவு செய்யும் வசதி அன்றைய கூலிக் குடும்பத்திற்கு இல்லை. படமெடுக்கத் தக்கதென அந்நாள் கருதப்படவும் இல்லை.

கள்ளுக்கடை: படமெடுக்கப்படாத கட்டடம்

அன்றாடக் காட்சிகளுள் மிகுதியாக விடுபட்டுப் போனது கள்ளுக்கடை. உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிறு பட்டணங்களிலும் காலனியாட்சிக் காலம் முதல் இயங்கின. தென்னம்பாளையிலிருந்து இறக்கப்படும் கள் சில மணி நேரத்திற்குள் புளிக்கத் தொடங்கி, ஒரு நாளைக்குள் காடியாக மாறத் தலைப்படும் இயல்புடையது. எனவே அன்றன்று இறக்கியதை அன்றன்றே விற்றாக வேண்டும். காலை வேலை முடிந்து தொழிலாளர் திரும்பும் நேரமும் கள் பதமாக இருக்கும் நேரமும் ஒன்றாயின. கடையின் நேரத்தையும் இருப்பிடத்தையும் இவையே தீர்மானித்தன. தோட்டக் கள்ளுக்கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது ஏட்டளவில் இருந்த விதி. குடித்தவன் பணத்திலேயே அவனுக்கு நலன் செய்யும் ஏற்பாடு இது.

இதனை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர் என்பது மறக்கத்தக்கதன்று. 1941 இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தங்களின் கோரிக்கைகளில் ஊதிய உயர்வோடு, தோட்டக் கள்ளுக்கடைகளை மூடுவதும், துரையின் எதிரில் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்குவதும் இடம்பெற்றன. 1947 இல் கெடா மாநிலத்தின் பீடோங் பகுதியில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். மலாயாத் தமிழரின் அரசியல் விழிப்பு வரலாற்றில் கள்ளுக்கடை ஒரு மையமான இடம் வகிப்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. ஆயினும் அத்தகைய கடையொன்றின் உட்புறம் எவ்வாறு இருந்தது என்பதை மாணவர்க்குக் காட்ட ஒரு நல்ல படம் தேடினால், ஆசிரியர் பெரும்பாலும் வெறுங்கையோடே திரும்ப நேரிடும்.

இதற்குக் காரணம் வெட்கம். நியாலாஸ் அருகேயுள்ள ஒரு தோட்டத்தில், மூடிக்கிடந்த கள்ளுக்கடைக் கட்டடத்தைப் படமெடுக்க முற்பட்டபோது, அங்கு நெடுங்காலம் பால்மரம் வெட்டிய முதியவர் ஒருவர் என்னைத் தடுத்தார். “இத ஏன் சார் படம் புடிக்கிறீங்க? அந்தப் பக்கம் கோயில் இருக்கு, அதப் புடிங்க” என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. தோட்டத் தமிழரைக் குடிகாரர் என்று இழித்துரைக்கும் வழக்கம் துரைமாரோடு முடிந்துவிடவில்லை. அவ்விழிவுக்கு இன்னொரு படம் சேர்க்கத்தான் வேண்டுமா என்பதே அவர் வினாவின் உட்பொருள்.

எடுக்கும் நோக்கத்தை விளக்கியபின் அவர் தாமே கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். கள்ளை வாங்கிய கம்பிவலைச் சாளரம், தொட்டுக்கொள்ளும் கறி விற்றவர் அமர்ந்த இடம், கிராணிமார் உள்ளே வராமல் ஆளனுப்பி வாங்கிய பின்வாசல் என ஒவ்வொன்றையும் சுட்டினார். இறுதியாக, கடைக்கு எதிரே சற்றுத் தள்ளி நின்ற ஒரு மாமரத்தைக் காட்டி, சம்பள நாளில் பெண்கள் பிள்ளைகளோடு அம்மரத்தடியில் நிற்பார்கள் என்றார். கணவன் உள்ளே நுழைவதற்கு முன் அரிசிக்கும் சீனிக்கும் உரிய பணத்தை வாங்கிவிட வேண்டும் என்பதற்காக நின்றவர்கள் அவர்கள். தம் தாயும் அங்கு நின்றதாகக் கூறினார்.

அன்று எடுத்த படங்களுள் முதன்மையானது அந்த மாமரத்தின் படமே. அதனைத் தனியே காண்போர்க்கு அது வெறும் மரம். முதியவரின் கூற்றோடு சேர்த்துக் காண்போர்க்குத் தோட்டத்துப் பெண்களின் குடும்பப் பொருளியல் பற்றிய சான்று. ஒளிப்படம் சான்றாவது எப்போது என்னும் வினாவிற்கு இங்கு விடை கிடைக்கின்றது. காட்சியும் சொல்லும் பிரியாமல் பதிவு செய்யப்படும்போதே அது சான்றாகின்றது.

இங்கிலாந்தில் ஒரு முன்மாதிரி

மதுக்கடைகளை ஆய்வுப் பொருளாகக் கொண்ட முயற்சிக்கு வெளிநாட்டு முன்மாதிரி ஒன்று உண்டு. 1937 இல் இங்கிலாந்தில் டாம் ஹாரிசன், சார்ல்ஸ் மேட்ஜ், ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் ஆகியோர் சாதாரண மக்களின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கிப் பதிவு செய்யும் இயக்கமொன்றைத் தொடங்கினர். பஞ்சாலை நகரமான போல்ட்டன் அவர்களின் முதன்மைக் களமாகியது. ஹம்ஃப்ரி ஸ்பெண்டர் அந்நகரின் தெருக்களையும் மதுக்கடைகளையும் தேர்தல் கூட்டங்களையும் துணி உலர்த்தும் சந்துகளையும் படமெடுத்தார். மதுக்கடை குறித்துத் திரட்டிய தரவுகள் 1943 இல் நூலாக வெளிவந்தன. குடிப்போரை இழித்துரைக்கவோ உயர்த்திப் பேசவோ முற்படாமல், மதுக்கடை தொழிலாளர் வாழ்வில் ஆற்றிய பணி யாது என்று அந்நூல் ஆராய்ந்தது. அவ்வியக்கத்தின் ஆவணங்கள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலும் ஸ்பெண்டரின் படங்கள் போல்ட்டன் அருங்காட்சியகத்திலும் பேணப்படுகின்றன. இவ்வியக்கத்தின் முன்னோடியான ஹாரிசன் பின்னர் 1947 முதல் 1966 வரை சரவாக் அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் பணியாற்றினார் என்பது மலேசியர்களாகிய நாம் அறியவேண்டியதாகும்.

இம்முன்மாதிரியிலிருந்து கொள்ளவேண்டியதும் தள்ளவேண்டியதும் உண்டு. படத்தோடு நாள், இடம், கேட்ட பேச்சு ஆகியவற்றையும் பதிவு செய்த முறை கொள்ளத்தக்கது. ஸ்பெண்டர் பெரும்பாலும் தம் படக்கருவியை மேலங்கிக்குள் மறைத்து வைத்தே படமெடுத்தார். மக்கள் இயல்பாக இருக்கவேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அம்முறை நமக்கு ஏற்புடையதன்று. துரையின் படத்திலும் அடையாள அட்டையிலும் தம் விருப்பம் கேட்கப்படாமலே படமாக்கப்பட்ட ஒரு சமூகத்தை, அதன் பிள்ளைகளே மறைந்திருந்து படமெடுப்பது அறமாகாது. கேட்டுப் பெற்ற இசைவினால் இயல்புத்தன்மை சிறிது குறையலாம். ஆனால் அந்த முதியவரிடம் கேட்டதனாலன்றோ மாமரத்தின் பொருள் விளங்கியது?

சுவரும் எழுத்தும்

தெருவோவியம் என்றவுடன் 2012 இல் ஜோர்ஜ்டவுன் விழாவையொட்டி எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த, மிதிவண்டியில் செல்லும் சிறுவர்களின் ஓவியமே பலருக்கு நினைவுக்கு வரும். மலாக்கா நகரில் சார்ல்ஸ் சாம் வரைந்த ஓராங் உத்தான் ஓவியமும் புகழ்பெற்றது. இவை ஒருவகையில் படமெடுக்கப்படுவதற்கென்றே அமைந்தவை. ஓவியரின் பெயர் தெரியும், ஆண்டு தெரியும், மங்கினாலும் ஆயிரக்கணக்கான படங்களில் எஞ்சும்.

தோட்டத்துச் சுவரோவியங்களின் நிலை இதற்கு மாறானது. மாரியம்மன், காளியம்மன், முனீஸ்வரன் கோயில்களின் சுவர்களில் உள்ளூர்க் கைகள் வரைந்த தெய்வ உருவங்களுக்கு ஓவியர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அவற்றுள் பலவற்றிற்கு மூலம் நாட்காட்டிப் படங்கள் என்பது உருவ அமைதியைக் கொண்டே உணரத்தக்கது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜூ (1898–1976) போன்றோரின் ஓவியங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாகக் கடல்கடந்து லயன் வீடுகளின் பலகைச் சுவர்களை அடைந்தன. அங்கிருந்து அவை கோயில் சுவருக்கு ஏறின. ஏறும்போது மாற்றமும் பெற்றன. முருகனின் பின்னணியில் வரையப்படும் மலை எந்த ஊர் மலையைப் போன்றுள்ளது, அம்மனின் பின்புறம் நிற்பது எந்த மரம் என ஆராய்வது பயனுள்ள ஆய்வாகும். முனீஸ்வரனுக்குப் படைக்கப்படும் சுருட்டும் கள்ளும், முன்னர்க் கூறிய கள்ளுக்கடையையும் கோயிலையும் ஒரே வாழ்வின் இரு பகுதிகளாகக் காணச் செய்கின்றன.

இவ்வோவியங்களை அழிப்பது பெரும்பாலும் பக்தியே என்பது வியப்பளிக்கக்கூடும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்கு நடத்துவது மரபு. அதற்கான திருப்பணியில் பழைய சுவர் புதிதாகப் பூசப்படும் அல்லது இடிக்கப்படும். தோட்டக் கோயில் ஆகமக் கோயிலாக மாறும்போது சுவரோவியத்தின் இடத்தைச் சுதைச் சிற்பங்கள் பெறுகின்றன. அம்மாற்றத்தைத் தடுக்க ஆய்வாளர்க்கு உரிமை இல்லை. வழிபடுவோரின் விருப்பமே முதன்மையானது. ஆனால் பாலாலயம் செய்வதற்கு முன்னர் ஒரு நாள் காலையில் சென்று, ஒவ்வொரு சுவரையும் முறையாகப் படமெடுத்துக் கோயில் குழுவினரிடம் ஒரு படியை ஒப்படைப்பதற்கு எத்தடையும் இராது.

பெயர்ப்பலகைகள் தமிழாசிரியர்க்கு இன்னும் நெருக்கமானவை. தமிழ்நாட்டரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை முதலிய ஐகார எழுத்துகளும் ணா, றா, னா ஆகியவையும் இவற்றோடு தொடர்புடைய ஒகர, ஓகார எழுத்துகளும் புதிய வடிவம் பெற்றன. பெரியார் 1935 முதலே தம் இதழில் கையாண்ட வடிவங்கள் இவை. பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இம்மாற்றம் பரவியது. எனவே ஒரு மளிகைக் கடைப் பலகையிலோ கோயில் நன்கொடைக் கல்வெட்டிலோ பழைய ‘யானைக்கொம்பு’ ஐகாரம் காணப்படின் அதன் காலத்தைக் குறித்து ஓரளவு ஊகிக்க இயலும். ஓரளவு என்பதை வலியுறுத்த வேண்டும். பலகை எழுதுவோர் தம் கைப்பழக்கத்தை எளிதில் கைவிடுவதில்லை. சீர்திருத்தத்திற்குப் பின்னரும் பழைய வடிவம் எழுதப்பட்டிருக்கலாம். ஒரே பலகையில் இரு வடிவங்களும் கலந்திருத்தலும் உண்டு. புதிய வடிவம் மட்டும் உள்ள பலகை பழமையானதாக இருத்தல் அரிது என்பதே உறுதியாகக் கூறத்தக்கது.

ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலும் கவனத்திற்குரியது. மலாய்மொழியின் மெல்லின ஒலியை ‘ஞ’ என்னும் எழுத்தாலேயே குறிக்கலாம் எனினும் ‘நியாலாஸ்’ என்னும் வடிவமே வழக்கில் உள்ளது. எந்தப் பலகை எவ்வாறு எழுதியுள்ளது என்பதைப் படத்தோடு தொகுத்தால், மலாய்ச் சொற்களைத் தமிழ் ஏற்ற முறை பற்றிய தரவு கிடைக்கும். தோட்டத்தின் பதிவுப் பெயர் ஒன்றாகவும் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறாகவும் இருப்பது மலேசியாவெங்கும் காணப்படும் வழக்கம். வரைபடத்தில் இல்லாத அப்பெயர்கள் படக்குறிப்பிலேனும் இடம்பெற வேண்டும்.

படமும் குறிப்பும்

இனி நடைமுறைக்கு உரிய சில கருத்துகளைக் கூறலாம். ஒரு காட்சியை மூன்று தொலைவுகளிலிருந்து எடுத்தல் நன்று. முதற்படம் கட்டடம் அமைந்துள்ள சூழலையும் சாலையையும் காட்ட வேண்டும். இரண்டாவது கட்டடம் முழுவதையும், மூன்றாவது எழுத்து, தாழ்ப்பாள், சாளரம் போன்ற நுண்பகுதியையும் காட்ட வேண்டும். அண்மைப் படத்தை மட்டும் எடுத்து வருவோர், அது எந்தச் சுவரில் இருந்தது என்பதைப் பின்னர் நினைவுகூர இயலாமல் இடர்ப்படுவர். பலகையையும் சுவரோவியத்தையும் நேர் எதிரே நின்று, கோணல் இன்றி எடுக்க வேண்டும். அருகே ஓர் அளவுகோல் இருப்பின் எழுத்தின் உருவளவும் பதிவாகும்.

நிலநடுக்கோட்டை அண்மிய நம் நாட்டில் நண்பகல் ஒளி தலைக்குமேல் விழுவதால் தாழ்வாரங்கள் இருண்டுவிடும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் விழும் ஒளியே ஏற்றது. மங்கிப்போன எழுத்தின் தடத்தையும், சுண்ணாம்புக்கு அடியிலுள்ள பழைய கோட்டையும் அவ்வொளி காட்டிக்கொடுக்கும். எண்ணிமப் படக்கருவியிலும் கைத்தொலைபேசியிலும் நாளும் நேரமும் தாமே பதிவாகும் என்பது உண்மையே. ஆனால் கருவியின் கடிகாரம் தவறாக இருப்பின் அந்நாளும் தவறே. மேலும், புலனம் வழியாக அனுப்பப்படும் படம் சுருக்கப்பட்டு, அதனோடு இணைந்த இத்தரவுகளையும் பெரும்பாலும் இழந்துவிடும். மூலக் கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களிலேனும் சேமித்தல் இன்றியமையாதது.

ஒவ்வொரு படத்திற்கும் ஐந்து செய்திகள் எழுதப்பட வேண்டும்: இடம், பதிவுப் பெயரும் மக்கள் வழங்கும் பெயரும், நாளும் நேரமும், படத்தில் இருப்பது யாது, அதனைக் குறித்து அங்குள்ளோர் கூறிய சொற்கள், இயன்றவரை அவர்கள் கூறியவாறே, எடுத்தவர் யார், இசைவு தந்தவர் யார். இவற்றுள் நான்காவதே பெரும்பாலும் விடுபடுவது. ‘ரப்பர் பால் சேமிக்கும் இடம்’ என்று ஆசிரியர் திருத்தி எழுதிவிட்டால் ‘பால் கொட்டாய்’ என்னும் சொல் அங்கேயே இறந்துவிடும். தோட்டத் தமிழின் சொற்களஞ்சியம் பொருளோடு சேர்ந்தே மறைகின்றது. பொருளின் படத்தோடு அதன் பெயரையும் எழுதி வைத்தால் அகராதிக்கும் அது பயன்படும்.

இசைவு குறித்து ஒன்று கூறவேண்டும். தோட்டங்கள் தனியார் நிலம்; நிருவாகத்தின் அனுமதி வேண்டும். ஆயினும் அதனோடு கடமை முடிந்துவிடாது. வீட்டின் முன் நிற்பவரிடமும் கேட்க வேண்டும். குடிப்போரின் முகங்களும் சிறுவர்களின் முகங்களும் வெளியீட்டில் இடம்பெறாமை நலம். பெயரைக் குறிப்பேட்டில் எழுதி, அவர் விரும்பினால் மட்டுமே வெளியிடலாம். எடுத்த படத்தின் அச்சுப்படி ஒன்றைத் திரும்பிச் சென்று கொடுப்பது நன்றிக்கடன் மட்டுமன்று, ஆய்வுமுறையும் ஆகும். படத்தைக் கையில் வாங்கும் முதியவர், எடுக்கும்போது சொல்லாத பலவற்றை அப்போதே நினைவுகூர்வார்.

வகுப்பறையில்

இப்பணி ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. தோட்டங்களிலிருந்து மாணவர் குறைந்துவிட்ட நிலையிலும், மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளி மாணவர் பலரின் பாட்டனும் பாட்டியும் தோட்டத்தில் பிறந்தவர்களே. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பழைய படத்தை வீட்டிலிருந்து தேர்ந்தெடுத்து, அதில் உள்ளோரின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதி வரலாம். அடுத்து, அப்படம் எடுக்கப்பட்ட இடத்திற்கே சென்று அதே கோணத்தில் இன்றைய படத்தை எடுக்கலாம். இரு படங்களையும் ஒப்பிட்டு எழுதும் கட்டுரை, ‘நான் ஒரு குடை’ போன்ற தலைப்புகளில் எழுதப்படுவதைவிட உயிர்ப்புடையதாக அமையும். கேட்டல், பேச்சு, எழுத்து ஆகிய திறன்கள் ஒருசேரப் பயிலப்படும்.

பழைய படங்களைத் திரட்டும்போது மூலப்படத்தை வாங்கிக்கொண்டு வருதல் கூடாது. வீட்டிலேயே வைத்துப் படியெடுத்து, மூலத்தை உடனே திருப்பித் தந்துவிட வேண்டும். கடனாகப் பெற்றுத் திரும்பாத படங்களைப் பற்றிய மனக்குறை பல தோட்ட வீடுகளில் உண்டு. படத்தின் பின்புறத்தையும் தவறாது படியெடுக்க வேண்டும். படநிலையத்தின் முத்திரையும் மங்கிய பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும்.

முடிவுரை

மலாயாத் தோட்டங்கள் பற்றிய பழைய படங்களில் தமிழர் இருந்தும் பேசவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட படங்களிலோ விழா நாட்கள் மட்டுமே பேசுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே விடுபட்டது அன்றாட நாள். கள்ளுக்கடை, கோயில் சுவர், கடைப் பலகை, பெரட்டுக் களம் ஆகியவை அந்நாளின் உறுப்புகள். அவற்றைப் பெருமைக்குரியவை மட்டும், வெட்கத்திற்குரியவை மட்டும் எனப் பிரித்துத் தேர்ந்தெடுத்தால் வரலாறு மீண்டும் குறைபட்டதாகவே அமையும். கள்ளுக்கடையைப் படமெடுக்காமல் விடுவோமாயின் அதன் எதிரே மாமரத்தடியில் நின்ற பெண்களும் படத்திலிருந்து நீங்கிவிடுவர். வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு அவர்கள் அங்கு நின்றதும் ஒரு காரணமாகும்.

மலாக்கா நகரத்துச் சுவரோவியங்களைப் படமெடுக்க நாள்தோறும் ஆட்கள் வருகின்றனர். நியாலாஸ் வட்டாரத்தின் தோட்டங்களுக்கு அவ்வாறு எவரும் வரப்போவதில்லை. அங்கே பிறந்தவர்களும், அவர்களின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும், அவ்வாசிரியர்களுக்குக் கற்பிக்கும் நம்மைப் போன்றோருமே செல்லவேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சட்டைப்பையில் உள்ள கைத்தொலைபேசியும், ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும் போதும். மரங்களும் கட்டடங்களும் இன்னும் சில காலம் நிற்கக்கூடும். அவற்றின் பொருளைச் சொல்லக்கூடியோர் முதுமையடைந்துவிட்டனர். ஆதலின், எதனை முதலில் படமெடுப்பது என ஐயுறும் ஆசிரியர், முதலில் யாரிடம் கேட்பது என எண்ணித் தொடங்குவாராக.